இடது கால் மட்டும்

ப்ராக்டன், மாசசூசெட்ஸ்
12 பிப்ரவரி 1995

அன்புள்ள அர்லிந்தோ அண்ணனுக்கு,

இந்தக் காகிதம் கைக்கு வரும்போது நீங்களும் டொனாட்டா அண்ணியும் என் மகள் நேலாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நான் சுகம். முழங்கையில் மட்டும் வலி. முதியோர் இல்லத்தில் நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்தால் எந்த முழங்கைதான் சும்மா இருக்கும்?

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடக்கி வைக்க முடியவில்லை. என் காகிதங்கள் வந்துவிட்டன, அண்ணா. இனி நான் நம் ஃபோகோ தீவுக்கு வந்தாலும் திரும்பி இங்கே நுழையலாம். நேலாவையும் அழைத்துக்கொள்ளலாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். மே முதல் தேதி சாவோ ஃபிலிப் திருநாளுக்கு வருகிறேன். குதிரைப் பந்தயத்தை அவளோடு நின்று பார்க்க வேண்டும். பிறகு கையோடு கூட்டிவந்துவிடுவேன்.

இரண்டு வயதில் அவளை அண்ணி இடுப்பில் வைத்துவிட்டு லாரி ஏறினேன். ஞானஸ்நானத்தில் அவளை ஏந்திய ஞானத்தாயிடம்தானே விடுகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவள் அப்பா லிஸ்பனுக்குப் போனவர் போனவர்தான். இப்போது அவளுக்கு எட்டு வயது. அவள் குரல் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

பனியில் நடக்க பூட்ஸ் வாங்க வேண்டும். வழக்கம்போல அவள் கால்களைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிவர பென்சிலால் வரைந்து அனுப்புங்கள். இந்தக் கடிதம், ஊருக்கும் இங்குமாகப் போய்வரும் இனாசியா கையில் வருகிறது. அவளிடமே பதில் கொடுக்காதீர்கள், வழியெல்லாம் பிரித்துப் படிப்பாள்.

எல்லோருக்கும் என் விசாரிப்புகள்.
சுல்மிரா

*

ஷா, எரிமலைக் குழி
5 மார்ச் 1995

அன்புத் தங்கை சுல்மிராவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். கொடிகளைக் கவாத்து செய்துவிட்டேன். மழை மட்டும் இல்லை. மழை இல்லாதது இந்த ஊரில் செய்தியே இல்லை, இருந்தாலும் கடிதம் என்றால் எழுத வேண்டுமே.

உன் கடிதத்தை அடுப்படியில் சத்தமாகப் படித்தேன். முடித்ததும் டொனாட்டா எழுந்துபோய், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களையெல்லாம் மறுபடி கழுவினாள். உன் மகளோ நேரே விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"அமெரிக்கால ஆடு இருக்கா மாமா?"

"இல்லம்மா."

"அப்ப அந்த ஊர்க்காரங்க காலையில எழுந்து என்னதான் பண்ணுவாங்க?"

இதற்கான பதிலை நீ எழுது.

என்னை மாமா என்பவள் டொனாட்டாவை அம்மா என்கிறாள். நாலு வயதிலிருந்தே அப்படித்தான். உன்னிடம் மறைக்க வேண்டும் என்றில்லை, சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. இப்போது வந்துவிட்டது, சொல்லிவிட்டேன்.

இரண்டு கால்களின் படமும் இதோடு இருக்கிறது. டொனாட்டாதான் வரைந்தாள். கூச்சம் தாங்காமல் பிள்ளை நெளிந்ததில் சுண்டுவிரல் பக்கம் கோடு கோணிவிட்டது. ஒரு யோசனை: மே மாதம் என்ன அவசரம்? ஆகஸ்டில் வந்தால் திராட்சையாவது தின்னலாம். இது என் யோசனைதான், வேறு யாரும் சொல்லச் சொல்லவில்லை.

ஆசீர்வாதத்துடன்,
அர்லிந்தோ

*

அச்சாடா ஃபுர்னா, கூடாரங்கள்
20 ஏப்ரல் 1995

சுல்மிரா,

ரேடியோ உனக்கு எல்லாம் சொல்லியிருக்கும். முதலில் இதைப் படி: எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

நாற்பத்து நாலு வருடம் தூங்கிய நம் பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டாமலே வந்துவிட்டான். தரை ஆடியது, மலையின் இடுப்பில் பிளவு விழுந்தது, அங்கிருந்து நெருப்புக் குழம்பு கிளம்பியது. நல்ல வேளை, நடை மெதுவானது. நெருப்பு ஒவ்வொரு வீடாக நின்று நின்று வந்ததால் நம் ஆட்கள் கதவையும் சன்னலையும் கழற்ற நேரம் கிடைத்தது. உனக்குத் தெரியாதா, நாம் சுவரை விட்டாலும் விடுவோம், கதவை விடமாட்டோம். லாரி லாரியாகக் கதவுகள் இறங்கின. இப்போது நான்கு கதவுகள், மூன்று சன்னல்கள், ஓர் ஒயின் பீப்பாய், இவற்றுக்கு நடுவில் ஒரு கூடாரத்தில் குடியிருக்கிறோம். வீட்டை ஐந்தாம் நாள் குழம்பு எடுத்துக்கொண்டது. முதலில் அடுப்படி, பிறகு கூடம், கடைசியில் கூரை. நான் எதிர் மேட்டில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். டொனாட்டா பார்க்கவில்லை. மேற்குப் பக்கத்துக் கொடிகள் தப்பின.

மே மாதம் வர வேண்டாம். பாதை மூடிவிட்டது, ஊரெல்லாம் சாம்பல், உன்னைப் படுக்கவைக்க ஒரு கட்டில்கூட இல்லை.

நேலா நலம்.

அண்ணன்

*

ப்ராக்டன்
15 மே 1995

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். அதுவரை ஒரு மாதம் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டே விரிப்பு மடித்தேன். உங்கள் உடம்பு எப்படி? புகையில் அண்ணிக்கு இருமல் வந்ததா? வீடு போனதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நானும் அந்தக் கூடத்தில் பிறந்தவள்தான்.

திருநாளுக்கு வரமுடியாதது வருத்தம்தான். ஆகஸ்டில் லீவு கிடைத்திருக்கிறது. அண்ணா, ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. கதவுகளைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையைப் பற்றி இரண்டே சொல். "நேலா நலம்." தந்திகூட இதைவிட நீளமாக இருக்கும். பயந்தாளா? அழுதாளா? என்னைக் கேட்டாளா?

இரண்டு மாதத்தில் அந்த வயதுக் கால் வளர்ந்திருக்கும். மறுபடி வரைந்து அனுப்புங்கள்.

உங்கள் ஆசி வேண்டும்,
சுல்மிரா

*

அச்சாடா ஃபுர்னா
10 ஜூன் 1995

அன்புத் தங்கைக்கு,

நலம். அண்ணிக்கு இருமல் இல்லை. மலை அடங்கிவிட்டது. போன வாரம் நடந்தே மேலே போய்ப் பார்த்தேன். நம் தெரு இருந்த இடத்தில் கறுப்புப் பாறை இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதன் ஓரத்தில் யாரோ ஒருவரின் திராட்சைக்கொடி, ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் தளிர்விட்டிருந்தது. "இங்க திரும்ப வராதீங்க, கீழ வீடு கட்டித் தர்றோம்" என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். நம் ஆட்கள் தலையாட்டிவிட்டு, திரும்பும் வழியை ஆராய்கிறார்கள்.

நேலா பயந்தாள், பிறகு தேறினாள். படம் வைத்திருக்கிறேன். காகிதம் சிறியதாகக் கிடைத்ததால் இடது கால் மட்டும்.

டொனாட்டா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்

*

ப்ராக்டன்
2 ஜூலை 1995

அண்ணா,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. மன்னியுங்கள்.

இடது கால் மட்டும் வந்தபோது, கூடாரத்தில் காகிதப் பஞ்சம் என்று நானும் நம்பினேன். அந்த ஒரு காலை வைத்து பூட்ஸும் வாங்கிவிட்டேன். நேற்று இனாசியா சலவை அறைக்கே வந்தாள், ஊரிலிருந்து ஒரு பாலாடைக்கட்டியோடு.

"ஒம் மக நல்லா வளந்துட்டா. மூக்கு அப்படியே ஒன்னோடது. என்ன, கொஞ்சம் சாய்ச்சு சாய்ச்சு நடக்கறா."

"சாய்ச்சுன்னா?"

"ஒனக்குத் தெரியாதா? ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஒங்க அண்ணன் எழுதியிருப்பாருன்னு நெனச்சேன்."

ஊர்க்கதை முழுவதையும் சொல்பவள் என் மகள் கதையில் மட்டும் வாயை மூடிக்கொண்டாள்.

அவள் வலது காலுக்கு என்ன? எழுதுங்கள். என்னவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன், தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஆகஸ்ட் மூன்றாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

சுல்மிரா

*

அச்சாடா ஃபுர்னா
18 ஜூலை 1995

சுல்மிராவுக்கு டொனாட்டா எழுதுவது.

நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்புதான், எழுத்து அப்படி இப்படி இருக்கும். அர்லிந்தோ எழுதுகிறேன் என்றார். இது நான் எழுத வேண்டிய கடிதம்.

முகாமுக்கு வந்த ஒன்பதாம் நாள் பெயர் எழுத ஒருவர் வந்தார். வெளிநாட்டில் தாய் உள்ள பிள்ளைகளைத் தனியாகக் குறிக்கிறார்கள், தலைநகருக்குக் கொண்டுபோய் அங்கிருந்து விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று கூடாரங்களில் பேச்சு. அவர் நேலாவிடம் "ஒங்கம்மா பேரு என்ன?" என்று கேட்டார். அவள் என் பெயரைச் சொன்னாள். நான் திருத்தவில்லை. அவர் அடுத்த கூடாரத்தில் விசாரித்துவிட்டுத் திரும்பி வருவார் என்று பயம் வந்தது. விட்டுவந்த ஆட்டைத் தேடப் போகிறோம் என்று சொல்லி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மலைக்கு மேலே போனேன்.

ஆடு கிடைத்தது. புதுப் பாறையின் ஓரத்தில் நின்றது. உனக்குத் தெரியும், கறுத்துவிட்டால் ஆறிவிட்டது, ஆடு மிதித்த இடத்தை ஆளும் மிதிக்கலாம், இப்படித்தான் நாம் பிறந்ததிலிருந்து நடக்கிறோம். பழைய பாறைக்கு அது சரி. இது ஒன்பதே நாள் ஆன பாறை. நேலா ஆட்டின் பின்னால் ஓடினாள். நானும் தடுக்கவில்லை. மேல் ஓடு உடைந்து வலது கால் உள்ளே போய்விட்டது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் போயின. புண் ஆறிவிட்டது. சாய்ந்து நடக்கிறாள்.

அந்த ஆள் பெயர் குறித்தது பால் பவுடர் கொடுப்பதற்காம். பிறகுதான் தெரிந்தது.

அர்லிந்தோவைத் திட்டாதே. எழுதாதீர்கள் என்று அவர் காலில் விழுந்தது நான்தான். தெரிந்தால் நீ உடனே வந்து கூட்டிப்போய்விடுவாய், அதில் நியாயமும் இருக்கும். அதற்காகத்தான் மறைத்தேன். உன் பிள்ளையை உனக்குத் தரக்கூடாது என்று நினைத்தேன், சுல்மிரா. வேறு எப்படிச் சொன்னாலும் அது பொய்.

வா. என்ன சொல்ல வேண்டுமோ நேரில் சொல்.

டொனாட்டா

*

ப்ராக்டன்
10 செப்டம்பர் 1995

அன்புள்ள டொனாட்டா அண்ணிக்கு,

நானும் நேலாவும் சுகமாக வந்து சேர்ந்தோம். உங்கள் உடம்பையும் அண்ணன் உடம்பையும் பற்றி எழுதுங்கள்.

மூன்று வாரம் ஒரே கூடாரத்தில் படுத்தோம். இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில் பாதியை அங்கேயே சொல்லியிருக்கலாம். விமானத்தில் வரும்போது உங்களைத் திட்ட வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தேன், அண்ணி. வந்து இறங்கியதும் நீங்கள் என் கையில் சீப்பைக் கொடுத்து, "பின்னால இருந்து பிரிச்சு சீவு, முன்னால இழுத்தா கத்துவா" என்றீர்கள். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு எப்படித் திட்டுவது?

டாக்டர் அவள் காலைப் பார்த்தார். உள்ளே பஞ்சு வைத்த காலணி தந்திருக்கிறார். ஓடக்கூட முடியும் என்கிறார்.

விமான நிலையத்துக்கு நீங்கள் வரவில்லை. ஆட்டைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். அந்த ஆட்டை முந்தின நாளே விற்றாகிவிட்டது என்று அண்ணன் வழியில் சொன்னார். நேலாவுக்கு நான் சொல்லவில்லை.

அவள் இங்கே மிகவும் நல்ல பிள்ளையாக இருக்கிறாள். காலையும் மாலையும் ஆசி கேட்கிறாள். துணியைத் தானே மடித்து வைக்கிறாள். எதைப் போட்டாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு நன்றி சொல்கிறாள். நான் தொட்டால் அசையாமல் நிற்கிறாள். ஒரு குறையும் இல்லை, அண்ணி. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை இன்னும் எதுவென்றும் கூப்பிடவில்லை. நான் என்ன செய்யட்டும்?

சுல்மிரா

*

ஷா
8 நவம்பர் 1995

அன்புத் தங்கைக்கு,

முகவரியைப் பார்த்தாயா? திரும்பி வந்துவிட்டோம். ஏழு குடும்பங்கள். அதிகாரிகள் கோபமாக இருக்கிறார்கள், அது அவர்கள் வேலை. பாறைக்கு மேற்கே, தப்பிய கொடிகளின் பக்கம், முதலில் கதவை நிறுத்தினேன், சுவர் அதற்கேற்ப எழும்புகிறது. எல்லோரும் இந்த வரிசையில்தான் கட்டுகிறார்கள். கீழூர் கொத்தனார் ஒருவர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

டொனாட்டா உனக்குப் பதில் எழுதவில்லை என்று தெரியும். நான் எழுதட்டுமா என்றேன். "ஒங்களுக்கு வந்ததுக்கு நீங்க எழுதுங்க. எனக்கு வந்ததுக்கு நான் எழுதுவேன்" என்றாள். எப்போது என்றேன். "எழுதும்போது." உன் கடிதம் அவள் இடுப்புப் பையில்தான் இருக்கிறது. மடிப்பு கிழிந்து நாலு துண்டாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. சமைக்கும்போது மூன்று பேருக்கு அளந்து போடுகிறாள், பிறகு ஒரு கை எடுத்துவிடுகிறாள்.

நீ செய்தது தப்பில்லை. அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் தப்பில்லை.

நேலாவுக்கு மாமாவின் முத்தம்.
அர்லிந்தோ

*

ஷா
9 டிசம்பர் 1995

சுல்மிராவுக்கு,

நீயும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம். பதில் எழுத மூன்று மாதம் ஆனது. ஒவ்வொரு முறை உட்கார்ந்தபோதும், பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடு என்றுதான் கை எழுதப் பார்த்தது. அதனால் எழுந்துவிட்டேன்.

நல்ல பிள்ளையாக இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அது நம் நேலா இல்லை. இங்கே அவள் சோளக் கச்சுப்பாத் தட்டை எத்தனை முறை தள்ளிவிட்டிருக்கிறாள் தெரியுமா? "பயறு மட்டும் இருக்கு, கறி எங்க?" என்பாள். பாலாடைக்கட்டியைப் பூட்டி வைத்ததற்கு என்னைக் கஞ்சப் பிசினாறி என்று தெரு முழுக்கச் சொல்லி வந்தாள். வெளி வீட்டுக்குப் போனால் வாய் திறக்காதே, போட்டதைத் தின்னு, நன்றி சொல்லு என்று நான்தான் சொல்லி வளர்த்தேன். அதைத்தான் செய்கிறாள். உன் வீட்டில் அவள் இன்னும் விருந்தாளி.

நீ அவளிடம் பயந்து பேசுகிறாய். இங்கே கூடாரத்திலேயே பார்த்தேன். "இது வேணுமா, அது வேணுமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். கேட்காதே. வேலை சொல்லு. தப்பு செய்தால் திட்டு. அவள் உன்மேல் கத்தும் நாள் வரும், அதுவரை பொறு. வேற்று ஆளிடம் அவள் கத்தமாட்டாள்.

டொனாட்டா

*

ப்ராக்டன்
14 ஜனவரி 1996

அன்புள்ள அண்ணி,

உங்களுக்கும் அண்ணனுக்கும் புது வருட வாழ்த்துகள். சுவர் கூரை வரை எழும்பிவிட்டதா? இங்கே முழங்கால் வரை பனி. நேலா சுகம். நானும் சுகம். நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

பள்ளி இல்லை, எனக்கும் வேலை இல்லை. டப்பாச் சோளத்தில் கச்சுப்பா செய்தேன். ஒரு வாய் வைத்தாள். வழக்கம்போல நன்றி சொல்வாள் என்று நின்றேன். தட்டை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டாள்.

"இது கச்சுப்பாவே இல்ல! தண்ணி!"

நீங்கள் சொன்னபடி, "சாப்பிடு, இல்லன்னா பட்டினி கெட" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நீ ஏன் வந்த? எனக்கு அம்மா இருந்தாங்க! ஆறு வருஷம் எங்க போன நீ?"

"ஒனக்காகத்தான்டி போனேன்!"

"நான் கேட்டேனா?"

நானும் கத்தினேன், அண்ணி. அவளும் கத்தினாள். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையில் இடித்தார். அதற்கும் இருவரும் சேர்ந்து கத்தினோம். பிறகு அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதேன். வெளியே வந்தவள் தட்டை இழுத்து மிச்சத்தைச் சாப்பிட்டாள். "நாளைக்குக் கறி போடு" என்றாள்.

இன்று காலை ஆசி கேட்கவில்லை. ஏன் சீக்கிரம் எழுப்பவில்லை என்று சண்டைக்கு வந்தாள். தலை சீவிவிடும்போது ஒன்று கேட்டாள். "ஒன்ன அம்மான்னு கூப்பிட்டா, அங்க இருக்கற அம்மாவ என்னன்னு கூப்பிடறது?"

உங்களுக்கு எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உங்கள் ஆசி வேண்டும்,
சுல்மிரா

*

ஷா
11 பிப்ரவரி 1996

அன்புள்ள சுல்மிரா,

நாங்கள் நலம். கூரை போட்டாகிவிட்டது. புதுச் சாம்பலில் நாற்பது கொடி நட்டோம். இரண்டு முழம் தோண்டினால் மண் இன்னும் சூடாக இருக்கிறது, ஆனாலும் முப்பத்தைந்து பிழைத்துவிட்டது.

உன் கடிதத்தை இனாசியா கொண்டுவந்தாள். பிரித்துப் படித்திருக்கிறாள், அவள் கண்ணைப் பார்த்ததுமே தெரிந்தது. கொடிகளுக்கு நடுவில் நின்று படித்தேன். துடைப்பக் கட்டை வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இரண்டையும் எழுதிவிடுகிறேன், ஒரு முறை மறைத்தது போதும்.

உனக்கு இது நல்ல செய்தி. எனக்கும் நல்ல செய்திதான். எனக்குக் கொஞ்சம் தாமதமாகப் பிடிபடும், அவ்வளவுதான்.

இனி ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டு எழுதாதே. நானும் தெரிந்துகொண்டு வளர்க்கவில்லை. திட்டினேன், தப்பாகத் திட்டிவிட்டால் ஒரு துண்டு பாலாடைக்கட்டி கொடுத்தேன். உனக்கும் அப்படியே வந்துவிடும்.

பிள்ளை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். என்னை ஞானத்தாய் என்று கூப்பிடச் சொல். கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. முதலில் அவளுக்கு வாயில் வராது. நீ விடாமல் சொல்லிக் கொடு.

டொனாட்டா